மாயாற்றங்கரைப் பந்தி: முதுமலைப் பயணக் குறிப்புகள்

முதல் நாள் – மசினகுடி

உதகையிலிருந்து கல்லட்டிப் பாதையில் இறங்கும் சிற்றுந்தில் 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, இன்று நண்பகலில் மசினகுடி வந்து சேர்ந்தேன். மேலே தேயிலையும் பனிமூட்டமுமாக இருந்த தை மாதம், இங்கே முள்மரங்களும் புழுதியுமாக மாறிவிட்டது. நீலகிரியின் மழை மறைவில் கிடக்கும் சீகூர் பீடபூமி இது. மேற்கே முதுமலையின் இலையுதிர் காடு, வடக்கே மாயாறு அறுத்துச் சென்ற ஆழமான பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் கர்நாடகத்தின் பந்திப்பூர்.

முதுமலைக்குப் போகிறேன் என்று சொன்னதும் நண்பர்கள் எல்லோரும் புலியைப் பார்த்தால் படம் அனுப்பச் சொன்னார்கள். புலியின் இலையில் என்ன விழுகிறது, அது எழுந்த பிறகு அதே இலையில் யார் யார் உட்காருகிறார்கள் என்று தெரிந்துகொள்வதே நான் வந்த நோக்கம். ஆகவே முதல் நாளைப் புல்லைப் பார்ப்பதிலேயே செலவிட்டேன். தங்குமிடத்துக்கு எதிரே இருந்த திறந்தவெளியில் மாலையில் புள்ளிமான்கள் மேய வந்தன. இருட்டுவதற்குள் 43 வரை எண்ணினேன்.

நாற்பத்து மூன்று மான்கள் என்பது கண்ணுக்குப் பெரிய மந்தையாகத்தான் தெரிகிறது. ஆனால் ஊனுண்ணியின் கணக்கில் அது சிறியது. மான் தின்ற புல்லில் பெரும்பகுதி மூச்சாகவும் உடற்சூடாகவும் ஓட்டமாகவும் செலவாகிவிட, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான் தசையாக மிஞ்சுகிறது. அந்தத் தசையைத் தின்னும் விலங்கின் உடலிலும் இதே செலவு மறுபடி நடக்கிறது. ரேமண்ட் லிண்டெமன் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் ஒரு சிறிய ஏரியை ஆராய்ந்து, உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஆற்றல் இப்படிக் குறைந்துகொண்டே போவதை 1942-இல் கணக்காக எழுதிவைத்தார். உலகின் பல காடுகளிலிருந்து எடுத்த தரவுகளை வைத்து 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 10,000 கிலோ எடையுள்ள இரை விலங்குகள் இருக்கும் இடத்தில் சுமார் 90 கிலோ ஊனுண்ணிதான் பிழைக்க முடியும் என்கிறது. வளர்ந்த ஒரு புலி ஆண்டுக்கு மான் அளவுள்ள உயிர்கள் ஐம்பதையாவது அடிக்கிறது. மந்தை தேயாமல் இருக்க வேண்டுமென்றால் பத்தில் ஒன்றுக்கு மேல் எடுக்கக் கூடாது. அப்படியானால் ஒற்றைப் புலியின் பின்னால் 500 உயிர்கள் மேய்ந்துகொண்டிருக்க வேண்டும். நான் எண்ணிய மந்தையைப் போலப் பன்னிரண்டு மந்தைகள் சேர்ந்தால்தான் ஒரு புலி.

அந்த ஐந்நூறுக்கும் புல் வேண்டும். வரும் வழியெங்கும் சாலையோரத்தில் நான் கண்டது புல் அல்ல, உண்ணிச்செடி. பூவின் அழகுக்காக 1800-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்தத் தென்னமெரிக்கப் புதரும், அண்மைக் காலத்தில் பெருகிய மஞ்சள் கொன்றையும் முதுமலையின் தரையைப் பெருமளவு மூடிவிட்டன. மான் அவற்றை மேய்வதில்லை. புலியைக் காப்பது பற்றிப் பேசும்போது துப்பாக்கியையும் கண்ணியையும் பற்றி நிறையப் பேசுகிறோம். இந்தப் புதரைப் பற்றியும் அதே கவலையுடன் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் – தெப்பக்காடு

விடியற்காலை வனத்துறை வண்டியில் தெப்பக்காட்டிலிருந்து காட்டுக்குள் போனோம். ஆற்றோர மூங்கில்களில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு மரத்தில் சாம்பல் மந்திகள் கொழுந்து பறித்துத் தின்றுகொண்டிருக்க, அவை சிந்திய இலைகளைக் கீழே புள்ளிமான்கள் பொறுக்கிக்கொண்டிருந்தன. மந்திக்கு உயரத்திலிருந்து தொலைவு தெரியும். மானுக்குத் தரையின் வாசனை தெரியும். எது முதலில் ஆபத்தை அறிந்தாலும் மற்றது தப்பிக்கிறது.

ஏழு மணியைத் தாண்டியதும் அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு மான் கூர்மையாகக் கத்தியது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, "சார், செந்நாய்" என்று தணிந்த குரலில் சொன்னார். எங்களிடமிருந்து நாற்பது மீட்டர் தள்ளி, ஓடைக்கரைப் புல்லில், ஏழு செந்நாய்கள் ஒரு பெண்மானைக் கீழே தள்ளியிருந்தன. துரத்தலை நாங்கள் பார்க்கவில்லை. அது முடிந்த கணத்தில்தான் வந்திருந்தோம். ஒன்று மூக்கைக் கவ்விப் பிடித்திருக்க, மற்றவை வயிற்றுப் பக்கம் சேர்ந்திருந்தன. மான் அசைவற்றுப் போவதற்கு முன்பே தின்னத் தொடங்கிவிட்டன. முதலில் குடல் வெளியே வந்தது. அதன் பிறகு ஈரல் ஒரு வாயிலும் இதயம் இன்னொரு வாயிலுமாகப் போயின. தொடைச்சதையை இரண்டு நாய்கள் எதிரெதிராகக் கவ்வி இழுத்தபோது தோல் கிழியும் ஓசை, ஈரத் துணியைக் கிழிப்பதைப் போல எங்கள் வண்டி வரை கேட்டது. ஆனால் உறுமலோ சண்டையோ இல்லை. அவ்வப்போது மெல்லிய கீச்சொலி மட்டும் எழுந்தது. என் கடிகாரத்தில் 25 நிமிடங்கள் கடந்தபோது, தலையும் முதுகெலும்பும் தோலும் கால்களும்தான் கிடந்தன.

வண்டியில் இருந்த ஒரு தாய் தன் மகனின் கண்களைப் பொத்தினார். அது எனக்குப் புரிகிறது. எனக்கும் அடிவயிறு கனத்தது. ஆயினும், ‘கொடூரம்’ என்ற சொல்லே இந்த விலங்குக்கு எவ்வளவு கேடு செய்திருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்த்தேன். புலியைப் போலத் தொண்டையைக் கவ்வி ஒரே பிடியில் கொல்வதற்கான உடல் செந்நாய்க்கு இல்லை. பன்னிரண்டு முதல் இருபது கிலோ எடைதான். தன்னைவிட மூன்று, நான்கு மடங்கு கனமான இரையைக் கூட்டமாகச் சேர்ந்துதான் வீழ்த்த முடியும். வீழ்த்தியதை உடனே விழுங்காவிட்டால், வாசனை பிடித்து வரும் புலியிடமோ சிறுத்தையிடமோ அதைப் பறிகொடுக்க நேரும். அந்த அவசரத்தைக் கொடுமையாகப் பார்த்த வேட்டைக்காரர்களும் அதிகாரிகளும் ஆங்கிலேயர் காலத்தில் அதன் தலைக்கு விலை வைத்துக் கொன்றார்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும் வரைக்கும் பல இடங்களில் அந்தப் பரிசுத்தொகை நடைமுறையில் இருந்தது. இன்று உலகம் முழுவதிலும் இனப்பெருக்கம் செய்யக்கூடிய செந்நாய்கள் 949 முதல் 2,215 வரைதான் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மதிப்பிட்டிருக்கிறது. புலிகளைவிட இவை குறைவு.

இந்தப் பார்வையை மாற்றியவர்களில் முதன்மையானவர் நம் நாங்குநேரிக்காரர், மறைந்த காட்டுயிர் ஆய்வாளர் ஏ. ஜே. டி. ஜான்சிங். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பந்திப்பூரில் 1976 முதல் 1978 வரை செந்நாய்களின் பின்னாலேயே நடந்து, அவை என்ன தின்கின்றன, எப்படி வேட்டையாடுகின்றன, குட்டிகளை யார் வளர்க்கிறார்கள் என்று குறித்துவைத்தார். தின்றுவிட்டுப் புறப்பட்ட ஏழு நாய்களின் வயிறும் பானை போல உப்பியிருந்ததை இன்று நானும் பார்த்தேன். இது குட்டிகளின் பருவம். வளைக்குத் திரும்பியதும், அங்கே காத்திருக்கும் குட்டிகளுக்கும் காவலிருக்கும் பெரியவற்றுக்கும் அந்த இறைச்சியில் ஒரு பங்கைக் கக்கிக் கொடுக்கும். வேட்டைக்கு வராதவர்களின் பங்கும் அந்த வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

நாய்கள் மறைந்த இரண்டே நிமிடங்களில் இரண்டு வால்காக்கைகளும் ஒரு கீரியும் வந்துவிட்டன.

மூன்றாம் நாள் – வண்டித்தடம்

இன்று ஊர் எல்லையில் இருக்கும் வண்டித்தடத்தில், வேட்டைத் தடுப்புக் காவலராக வேலை பார்க்கும் இருளர் ஒருவருடன் நடந்தேன். அவர் என்னைவிட இளையவர். ஆனால் தடம் படிப்பதில் எனக்கு ஆசிரியர். தடத்தின் நடுவே, யாரும் பார்க்காமல் போய்விடக் கூடாது என்பதைப் போல, விரல் பருமனைவிடச் சற்றுப் பெரிய புலி எச்சம் கிடந்தது. தன் எல்லையைச் சொல்வதற்காகப் புலி வழிகளின் நடுவில்தான் அதை விட்டுச்செல்கிறது. காய்ந்திருந்த எச்சத்தை அவர் குச்சியால் மெல்லப் பிரித்தார். பெரும்பகுதி மயிர்தான். சாணிப் பழுப்பு நிறத்தில், தடித்து, வளைத்தால் முறியும் மயிர். அதனிடையே எலும்புச் சில்லுகளும், ஒரு குளம்பின் கருநுனியும், சில புல் இழைகளும் இருந்தன. "கடத்தி மான், அண்ணா. மயிரு குழல் மாதிரி ஒடியுது பாருங்க" என்றார். கடமானை இப்பகுதியில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆய்வாளர்கள் செய்வதும் இதையேதான். எச்சத்தைக் கழுவி, செரிக்காத மயிரை எடுத்து, அதன் உள்வடிவத்தை நுண்ணோக்கியில் வைத்து, தெரிந்த விலங்குகளின் மயிரோடு ஒப்பிடுகிறார்கள். உல்லாஸ் கரந்த் அவர்களும் மெல்வின் சன்குவிஸ்டும் அருகிலுள்ள நாகரஹொளேயில் செய்து 1995-இல் வெளியிட்ட ஆய்வு, அடித்த இரைகளோடு இத்தகைய எச்சங்களையும் வைத்து எழுந்தது. ஒரே காட்டில் வாழும் மூன்று ஊனுண்ணிகளின் முதன்மை இரைகளது சராசரி எடை அதில் கிடைத்தது: புலிக்கு 91.5 கிலோ, செந்நாய்க்கு 43.4 கிலோ, சிறுத்தைக்கு 37.6 கிலோ. ஆயிரம் கிலோவை நெருங்கும் காட்டெருதின் மேல் பாயும் துணிவு புலிக்கு மட்டும் உண்டு. செந்நாயும் சிறுத்தையும் பெரும்பாலும் புள்ளிமானிலேயே நிற்கின்றன. அவற்றுள்ளும் செந்நாய் பகலில் திறந்த இடத்தில் துரத்துகிறது. சிறுத்தை மறைந்திருந்து பிடிக்கிறது, பிடித்ததை முடிந்தால் மரக்கிளைக்கு ஏற்றிவிடுகிறது. மந்தி, முயல், முள்ளம்பன்றி, ஊர் நாய் என்று சிறுத்தையின் பட்டியல் நீளமானது. மூவரும் ஒரே காட்டில் பிழைக்கிறார்கள் என்றால், காட்டெருது முதல் கேழையாடு வரை எல்லா அளவிலும் அங்கே இரை இருக்கிறது என்று பொருள். பெரிய மான்கள் அழிந்த காட்டில் புலியும் சிறுத்தையின் இலைக்கே கை நீட்டும். அப்போது சிறுத்தை ஊர்ப்பக்கம் நகரும்.

அந்தப் புல் இழைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூனைக் குடும்பம் எப்போதாவது புல்லைக் கடிக்கும். ஆனால் அதில் பிழைக்காது. புலியின் முப்பது பற்களில் அரைக்கும் பல் என்று சொல்லத்தக்கது இல்லை. கடைவாயில் இருப்பவை கத்தரிக்கோலின் அலகுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று உரசி வெட்டுபவை. உடலுக்குத் தேவையான டாரின் என்ற பொருளைப் போதிய அளவில் தானே செய்துகொள்ளும் திறன் பூனைகளுக்கு இல்லை. அது இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். இனிப்பை உணரும் மரபணு பூனைகளில் செயலிழந்துவிட்டதை 2005-இல் கண்டறிந்தார்கள், புலிக்கும் அப்படித்தான். காடு முழுவதும் பழுத்துக் கிடந்தாலும் அத்திப்பழத்தின் இனிப்புப் புலிக்குத் தெரியாது. பசித்த புலியின் முன் இறைச்சியைத் தவிர வேறு வழியே இல்லை என்ற இந்த உண்மை, மாட்டைப் பறிகொடுத்த விவசாயியின் கோபத்தைக் குறைக்காது. குறைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமல்ல.

நான்காம் நாள் – மாயாறு

ஆற்றுப் பாலத்திலிருந்து நான்கு நீர்நாய்களைப் பார்த்தேன். ஒன்று கெண்டை அளவுள்ள மீனைப் பாறையில் அழுத்திப் பிடித்துத் தலையிலிருந்து கடித்துத் தின்றது. நீரிலும் இதே கணக்குதான்: பாசி, பூச்சி, சிறுமீன், பெரியமீன், நீர்நாய். அதற்கும் மேலே முதலை. பகலெல்லாம் வேறொன்றும் பெரிதாகத் தென்படவில்லை. வழியில் கரடி தோண்டிய கறையான் புற்று ஒன்று கிடந்தது; ஊனுண்ணி வரிசையில் பிறந்தும், கறையானும் தேனும் பழமுமாகப் பிழைக்கும் விலங்கு அது.

மாலையில் ஒரு செய்தி வந்தது. பக்கத்துக் கிராமத்தில் ஒரு முதியவரின் கிழட்டுப் பசு முந்தின இரவு இறந்துவிட்டது; புதைக்காமல் ஊருக்கு வெளியே தரிசில் போட்டிருக்கிறார்கள். நாளை அங்கே போகிறேன்.

ஐந்தாம் நாள் – தரிசு நிலம்

முதியவரே என்னை அழைத்துச் சென்றார். பசுவின் கழுத்து மணியைக் கழற்றித் தன் தோளில் மாட்டியிருந்தார். "பதினாறு வருஷம் இருந்துச்சு தம்பி. ஊசி எதுவும் போடல, வயசாகிப் போயிருச்சு" என்றார். ஊசி போடவில்லை என்று அவராகவே சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்தப் பகுதியில் பிணந்தின்னிக் கழுகுகளைக் காக்க உழைப்பவர்கள் பல ஆண்டுகளாக ஒவ்வொரு பட்டிக்கும் சென்று அதைத்தான் கேட்டுவருகிறார்கள்.

பழந்தமிழில் ‘பாறு’ என்றும் பேச்சில் ‘பிணந்தின்னிக் கழுகு’ என்றும் சொல்லப்படும் பறவைகளுக்குத் தென்னிந்தியாவில் எஞ்சியிருக்கும் சில புகலிடங்களில் மாயாற்றுப் பள்ளத்தாக்கு முக்கியமானது. தரிசிலிருந்து நூறு மீட்டர் தள்ளி ஒரு புளியமரத்தின் பின்னால் உட்கார்ந்தோம். ஒன்பது மணி வரை வானம் வெறுமையாக இருந்தது. வெயில் ஏறி, தரை சூடாகி, காற்று மேலெழத் தொடங்கியதும் முதல் பறவை வட்டமிட்டது. இறக்கையை அடிக்காமல் அந்தச் சூடான காற்றிலேயே மிதந்து பல கிலோமீட்டர் தேடுவதால்தான், எப்போது கிடைக்கும் என்றே தெரியாத பிணத்தை நம்பி ஒரு பறவையால் உயிர்வாழ முடிகிறது. ஒன்று இறங்குவதைத் தொலைவில் வட்டமிடும் இன்னொன்று பார்க்கிறது. அதைப் பார்த்து மூன்றாவது வருகிறது. பத்தரை மணிக்குள் 26 பறவைகள் சேர்ந்துவிட்டன.

முதலில் வந்தவை இரண்டு செந்தலைப் பாறுகள். வலுவான அலகால் தடித்த தோலை அவை கிழிக்கத் தொடங்கின. பின்னர் வெண்முதுகுப் பாறுகள் கூட்டமாக இறங்கி அவற்றை ஓரம் தள்ளின. மயிரற்ற நீண்ட கழுத்தை விலா வரைக்கும் உள்ளே விட்டு, மென்மையான சதையை இழுத்துக்கொண்டு பின்னோக்கிக் குதித்தன. கருங்கழுத்துப் பாறுகள் மூன்று அவற்றோடு கலந்திருந்தன. எல்லோருக்கும் வெளியே, சிந்தியவற்றைப் பொறுக்கிக்கொண்டு ஒரே ஒரு மஞ்சள்முகப் பாறு நடந்துகொண்டிருந்தது. ஒரே சடலத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அவற்றின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. நம்மைக் கொல்லக்கூடிய கிருமிகள் நிறைந்த அழுகல் இறைச்சியும் அதில் செரித்துப்போகிறது.

இந்தப் பந்திதான் ஏறத்தாழ மொத்தமாகக் கலைந்தது. 1992 முதல் 2007 வரையிலான பதினைந்து ஆண்டுகளில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் என்ற மருந்தே காரணம் என்பது பாகிஸ்தானில் நடந்த ஆய்வின் மூலம் 2004-இல் உறுதியானது. மருந்து உடலில் இருக்கும்போதே மாடு இறந்து, அதைப் பாறு தின்றால், அதன் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளின் மேல் வெண்மையான யூரிக் அமிலம் படிந்து, சில நாட்களில் இறந்துவிடுகிறது. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் நஞ்சு இருந்தாலே இத்தகைய வீழ்ச்சி நேர்ந்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்; ஏனெனில் ஒரு சடலத்தில் ஒரு கூட்டமே தின்கிறது, ஓர் இணை ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடுகிறது. கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தருவதற்கு 2006-இல் தடை வந்தது. அதைப் போலவே தீங்கு செய்யும் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவற்றுக்கு 2023-இல் தடை வந்தது. மெலாக்சிகம் என்ற மருந்து பாறுகளுக்குத் தீங்கற்றது என்பது நெடுநாளாகத் தெரிந்திருந்தும், இரண்டு தடைகளுக்கும் இடையே 17 ஆண்டுகள் ஓடிவிட்டதை எண்ணி வருந்துகிறேன்.

வேறொரு நஞ்சும் இங்கே உண்டு. புலி அடித்த மாட்டின் சடலத்தில் கோபத்தோடு பூச்சிமருந்தைத் தடவிவிட்டால், அது புலியோடு நிற்பதில்லை. அந்த இலையில் அடுத்து உட்காரும் ஒவ்வொரு வாய்க்கும் போகிறது. இழப்பீடு உரிய நாளில் கைக்கு வர வேண்டியது எவ்வளவு அவசியம் என்பதை இந்தத் தரிசில் உட்கார்ந்து பார்த்தபோது நன்றாகவே உணர்ந்தேன். மாட்டின் நோய் காட்டுக்குப் போன வரலாறும் இந்த நிலத்துக்கு இருக்கிறது. 1968-இல் கால்நடைகளின் வெக்கை நோய் பரவி இங்கே காட்டெருதுகள் ஏராளமாக மாண்டன. பட்டிக்கும் காட்டுக்கும் நடுவே இருக்கும் வேலி மனிதர்கள் போட்டது. உணவுச் சங்கிலி அதைப் பொருட்படுத்துவதில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்கு, தின்ற கனத்தில் பறக்க முடியாத ஆறேழு பாறுகள் இறக்கையை விரித்து வெயிலில் நின்றன. மற்றவை ஆற்றங்கரையின் நீர்மருது மரங்களை நோக்கிப் போயின. வெண்முதுகுப் பாறுகளின் கூடுகள் அந்த மரங்களில்தான் இருக்கின்றன. இப்போது குஞ்சுகளின் காலம். முதியவர் அவை போன திசையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாம் நாள் – புறப்பாடு

பேருந்துக்கு ஒரு மணி நேரம் இருந்ததால் காலையில் மறுபடி தரிசுக்குப் போனோம். நேற்று மாலை வெள்ளையாகத் தெரிந்த விலாக்கூடு இடம் மாறிக் கிடந்தது. பின்னங்கால் ஒன்றைக் காணவில்லை. புழுதியில் இழுத்துச் சென்ற தடமும், அதன் ஓரத்தில் நாயினுடையதைவிடப் பெரிய, முன்கால் அகன்று பின்கால் சிறுத்த அடித்தடங்களும் உண்ணிப் புதரை நோக்கிப் போயின. கழுதைப்புலி என்றார் முதியவர். சதையெல்லாம் போன பிறகு எலும்பை நொறுக்கித் தின்னும் தாடை அதற்கு உண்டு. எலும்பின் சுண்ணாம்பு மிகுந்திருப்பதால் அதன் எச்சம் காய்ந்தால் வெளுத்துவிடும். புதரின் விளிம்பில் அப்படி ஒரு வெண்கட்டி கிடந்தது. அவர் அதைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு, கிடந்த எலும்புகளின் நடுவே குனிந்து, பசுவின் ஒரு கொம்பை மட்டும் எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டார். விலா எலும்புகளின் உட்புறத்தில் சிறிய கருவண்டுகள் காய்ந்த தசைநாரைச் சுரண்டிக்கொண்டிருந்தன.